வரேன் என்று சொல்லாமல் போனவனுக்கு

கதிர்,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த வீட்டில் இப்போதைக்கு நலமாக இருப்பது உன் அம்மா மாடியில் வைத்த கறிவேப்பிலைச் செடி ஒன்றுதான். நான் மறந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். நீ நலமா என்று உன்னிடம் கேட்க வழியில்லை. கூப்பிட்டால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் கையால் எழுதுகிறேன். போட்டோ எடுத்து அனுப்புவேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்பாய். பெரிதாக்கிப் படித்துக்கொள்.

நீ வந்தாய், அம்மாவுக்குக் கொள்ளி வைத்தாய், பதினாறாம் நாள் காரியத்தை முடித்தாய், மறுநாளே பெட்டியைத் தூக்கினாய். படிப்பு நடுவில் நிற்கிறது, போகத்தான் வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "போறேன்" என்றாய். உன் அத்தை பதறிப்போய், "போறேன்னு சொல்லாதடா, வரேன்னு சொல்லு" என்றாள். நீ காதில் வாங்காத மாதிரி காரில் ஏறிவிட்டாய். சின்ன வயதில் பென்சில் வாங்கத் தெருமுனைக் கடைக்கு ஓடும்போதுகூட வரேன் என்று சொல்லாமல் போனால் உன் அம்மா திரும்பக் கூப்பிட்டு, சொல்ல வைத்து, பிறகுதான் அனுப்புவாள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன் நீ. வாய் தவறி வந்த வார்த்தை இல்லை அது. தெரிந்தேதான் சொன்னாய். எனக்கு அடியாக விழ வேண்டும் என்றுதான் சொன்னாய். விழுந்தது, கதிர்.

நீ இங்கே இருந்த நாட்களில் என்னிடம் மனம்விட்டுப் பேசியது ஒரே ஒரு முறை. மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது, கையில் அம்மாவின் துண்டை வைத்துக்கொண்டு சொன்னாய். "அன்னிக்கு ஒரு நாள் முழுக்க நான் சந்தோஷமா இருந்தேன்ப்பா. அம்மா செத்த அன்னிக்கு நான் பாட்டு பாடிக்கிட்டு ரூம் பெருக்கினேன். அத நான் எங்க கொண்டுபோய்க் கழுவறது?" நான் மிச்சத் துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். அதற்குப் பதில் இப்போதும் முழுதாக இல்லை. இருப்பதை எழுதுகிறேன். நடந்ததை நடந்த மாதிரியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் பக்கம் நடந்தது எனக்கு அன்றைக்குத் தெரியாத மாதிரி, என் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது.

என் பிரெஞ்சிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எல்லா வினையும் அதில்தான் இருக்கிறது. உன் தாத்தா மில்லில் நூல் சுற்றியவர். மகன் என்றைக்காவது பிரான்சுக்குப் போய்விடுவான் என்று நம்பி என்னைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் போட்டார். எட்டாவது வரை படித்தேன். அப்புறம் மில்லும் சரியில்லை, என் படிப்பும் சரியில்லை. தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனிக்கு வேலைக்குப் போனவன், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். மூடி அடிக்கிற மெஷினுக்குப் பிரெஞ்சு எதற்கு? ஆனாலும் விட்டேனா? நெல்லித்தோப்பில் நம் தெருவிலேயே பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் என்று நானே எனக்குப் பட்டம் கொடுத்துக்கொண்டு திரிந்தேன். ஞாயிற்றுக்கிழமை பீச்சில் வெள்ளைக்காரர் யாராவது திருதிருவென்று விழித்தால் போதும், கூப்பிடாமலே போய் நிற்பேன். ஒருமுறை ரயில்வே ஸ்டேஷனுக்கு வழி கேட்ட புருஷன் பெண்டாட்டிக்கு இடது வலதை மாற்றிச் சொல்லிவிட்டேன். நாம் சுண்டல் தின்று முடிப்பதற்குள் அவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்திலிருந்து நம்மிடமே திரும்பி வந்தார்கள். உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தொர பிரெஞ்சு பேசுனா கப்பலே தரை தட்டிரும்" என்றாள். நீ அவள் மடியில் விழுந்து விழுந்து சிரித்தாய். நானும்தான் சிரித்தேன்.

அதனால்தான் நீ ஸ்பானிஷ் படிக்கப் போகிறேன் என்றபோது எனக்குப் பொறுக்கவில்லை. ஊர் முழுக்கத் தெருப்பெயர் பிரெஞ்சில் தொங்கும்போது உனக்கு எதற்குப் பக்கத்து வீட்டுப் பாஷை என்று கேட்டேன். "உங்க பிரெஞ்சக் கேட்டுக் கேட்டுதான்ப்பா" என்றாய். போய்த் தொலை என்று மனசுக்குள் சொன்னேன், வாயால் சரி என்றேன். சலமான்காவில் படிக்க இடம் கிடைத்து, ஹாஸ்டல் வேண்டாம், ஒரு குடும்பத்தோடு தங்கினால் பாஷை சீக்கிரம் வரும் என்று நீ பிலார் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாய். அவர் வயதுப்பெண்ணாக இருந்தபோது வருஷா வருஷம் பிரான்சுக்குத் திராட்சை பறிக்கப் போனவர் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் எட்டாவது வகுப்புப் பிரெஞ்சுக்கும் அவருடைய திராட்சைத் தோட்டத்துப் பிரெஞ்சுக்கும் ஜோடி சரியாகத்தான் அமைந்தது. கல்யாணம் பேசி முடித்த சம்பந்திகள் மாதிரி வாரம் ஒருமுறை பேசிக்கொண்டோம். என்ன பேசினோம் என்று கேட்காதே. பாதி எனக்கே தெரியாது.

உன் அம்மாவுக்கு அந்தப் பாதியும் தேவைப்படவில்லை. வீடியோவில் பிலார் அம்மா ஒரு கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டுவார், இவள் இங்கிருந்து ஒரு கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டுவாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் நடுவில் புகுந்து மொழிபெயர்க்கப் போனால், "நீங்க சும்மா கிடங்க, நாங்க பேசிக்கிறோம்" என்பாள். ஒரு நாள் நீ அந்த அம்மாவை "மமா" என்று கூப்பிட்டது ஃபோனில் எங்கள் காதில் விழுந்தது. "கூப்புட்டும், அவங்களுக்கும் புள்ள தூர தேசத்துல தானே இருக்குது" என்றாள். பெருந்தன்மையாகத்தான் சொன்னாள். அன்றைக்கு மீன் குழம்பில் உப்பு இல்லை. நான் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தேன். அன்றிலிருந்துதான் உன்னை ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தாள். திண்டிவனம் தாண்டித் தனியாகப் போகாதவள், விமானத்தில் தனியாகப் போகிறேன் என்றாள். எனக்குக் கம்பெனியில் அத்தனை நாள் லீவு தர மாட்டார்கள் என்று தெரிந்தும் பின்வாங்கவில்லை. பாஸ்போர்ட், விசா எல்லாம் வந்துவிட்டது. உன்னிடம் ஃபோனில் எப்போது பார்த்தாலும் ஒரே வசனம். "நீ பாரு, ஒரு நாளு சொல்லாம கொள்ளாம வந்து நிப்பேன்."

டிக்கெட்டுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. வஞ்சிரம் ஊறுகாய் போட்டு எடுத்துப்போக வேண்டும், மார்க்கெட்டில் வாங்கினால் பழசைத் தலையில் கட்டுவார்கள், தேங்காய்த்திட்டுக்குப் போய்ப் படகிலிருந்து இறங்குவதையே வாங்கி வருகிறேன் என்று விடிகாலையிலேயே கிளம்பினாள். எனக்கு அன்றைக்கு இரண்டாவது ஷிப்டு. பாயில் புரண்டுகொண்டிருந்தேன். "வரேங்க. குக்கர் ரெண்டு விசில் வந்தா எறக்கிடுங்க" என்றாள். நான் ம் என்றேன். அவளுக்கு நான் சொன்ன கடைசி வார்த்தை அந்த ம். ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே கூடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். மீன்காரப் பெண்கள்தான் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். மீன் வாடையோடு ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவள் பெயர்கூடக் கேட்கவில்லை.

உனக்கு யார் சொல்வது என்று உன் அத்தை கேட்டாள். நான் சொல்லியிருக்கலாம். நீயும் அதைத்தான் கேட்கிறாய், எனக்குத் தெரியும். ஆனால் நான் நினைத்தது இதுதான்: நீ ரோட்டில் நடந்துகொண்டிருப்பாய், வகுப்பில் இருப்பாய், ஃபோனை எடுப்பாய், நான் சொல்வேன், நீ விழுவாய், பிடிக்க ஆள் இருக்காது. அந்த வீட்டுக்காரம்மாவுக்குச் சொன்னால், அவர் உன்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார். அம்மா இல்லாத இடத்தில் இன்னொரு அம்மா சொல்லட்டும் என்று நினைத்தேன். உன் பெரியப்பா பெண், "நான் வேணா இங்கிலீஷ்ல மெசேஜ் போடட்டுமா சித்தப்பா?" என்று கேட்டாள். வேண்டாம், எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்றேன். அந்த நிலைமையிலும் எனக்கு அந்தத் திமிர் இருந்தது, கதிர்.

ஆஸ்பத்திரி மதில் ஓரமாக நின்று கூப்பிட்டேன். செத்துப்போவதற்குப் பிரெஞ்சில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். மோர்த். எட்டாவது வரைகூடப் போக வேண்டாம், நான்காம் வகுப்புப் பாடத்திலேயே செத்துப்போன குருவி ஒன்று உண்டு. தெரியாமல் இல்லை, வாயில் வரவில்லை. நம் ஊரில் எந்த வீட்டில் யார் செத்துவிட்டார்கள் என்று நேராகச் சொல்கிறோம்? தவறிட்டாரு என்போம், போயிட்டாங்க என்போம். காலையில் குக்கரைப் பார்த்துக்கச் சொல்லிவிட்டுப் போன மனுஷியைப் பற்றி, மத்தியானம்கூட ஆவதற்குள் அந்த வார்த்தையைச் சொல்ல எப்படி முடியும்? அழுதால் என் பிரெஞ்சு அவருக்குப் புரியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தமிழில் எப்படிச் சொல்வேனோ அப்படியே சொன்னேன். மா ஃபாம் எ பார்த்தி. என் மனைவி போய்விட்டாள். கதிரிடம் சொல்லிவிடுங்கள்.

பிலார் அம்மா "தேஜா?" என்று கேட்டார். அதற்குள்ளாகவா என்று அர்த்தம். துக்கம் கேட்கிறவர்கள் கேட்கும் கேள்விதானே? ஆமாம், அதற்குள்ளாகவே என்றேன். அவர் குரல் உயர்ந்தது, வேகமாக என்னென்னவோ சொன்னார். கவலைப்படாதீர்கள், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது மட்டும் தெளிவாகப் புரிந்தது. நேரில் பார்க்காத மனுஷிக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்து, மதிலில் சாய்ந்துகொண்டு அதற்கப்புறம்தான் அழுதேன். அவர் அங்கே, பின்னால் அவரே சொன்னபடி, ஃபோனை வைத்துவிட்டு உன் அறைக்கு ஓடியிருக்கிறார். உன் அம்மா சொன்ன தேதிக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள், வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்.

நீ நம்பினாய். ஏன் நம்ப மாட்டாய்? சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பேன் என்று அவளே எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். அவள் ஃபோன் அணைந்து கிடந்தது, விமானத்தில் இருக்கிறாள் என்று நினைத்தாய். பிலார் அம்மாவின் வீட்டுக்காரர் பரணிலிருந்து மடக்குக் கட்டிலை இறக்கி உன் அறையில் போட்டாராம். நீ பெருக்கினாய், துடைத்தாய், அவளுக்குச் சோறு இல்லாமல் ஆகாது என்று அரிசி வாங்கப் போனாய். எனக்கு நடுவில் இரண்டு மூன்று முறை கூப்பிட்டாய். ஃபோன் என் சட்டைப்பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. உனக்குச் சேதி தெரிந்துவிட்டது, நீ அழுகிறாய், அதைக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை என்று எடுக்காமல் விட்டேன். நான் மன்னிப்புக் கேட்பதென்றால் அந்த வார்த்தைக்காக அல்ல, இதற்காகத்தான் கேட்க வேண்டும். அழுகிற பிள்ளை கூப்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டே எடுக்காமல் இருந்தவன் நான்.

கடைசியில் எடுத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் என் பக்கம் எப்படிக் கேட்டது என்று எழுதுகிறேன். கூடத்தில் ஐஸ் பெட்டியில் அவள். சுற்றிலும் பெண்கள். நீ சிரித்துக்கொண்டே கேட்டாய். "எப்பா, இன்னாப்பா நீங்க, எந்த ஃபிளைட்டுல ஏத்தி உட்டீங்க? மாட்ரிட்டுக்கு கார் எடுக்கணும்ல?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்துவிட்டேன். என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிய உன் அத்தை, "டேய் கதிரு, உங்கம்மா போயிட்டாடா" என்று அலறினாள். நீ அப்போதும் சொன்னாய். "தெரியும் அத்தை, கெளம்பிட்டாங்கன்னு பிலார் சொன்னாங்க. எத்தன மணிக்கு ஃபிளைட்டு?" அவளும் என்னை மாதிரியேதான், அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. வாசலில் சங்கு ஊதினார்கள். அந்தச் சத்தம்தான் உனக்குச் சொன்னது. நாங்கள் யாரும் சொல்லவில்லை. உன் பக்கம் எதுவோ கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிலார் அம்மா உன் பெயரைச் சொல்லிக் கத்தினது கேட்டது. அதற்கப்புறம் லைன் இல்லை.

மொட்டை மாடியில் நீ கேட்டதற்கு இப்போது வருகிறேன். அந்தச் சந்தோஷத்தை எங்கே கழுவுவது என்று கேட்டாய். கழுவாதே. எனக்கு உன்மேல் பொறாமையாக இருக்கிறது என்று சொன்னால் பெற்றவன் பேசுகிற பேச்சா என்பாய். ஆனால் உண்மை அதுதான். என் வீட்டில் அவள் காலையிலேயே செத்துவிட்டாள். உன் அறையில் அன்றைக்கு ராத்திரி வரை உயிரோடு வந்துகொண்டிருந்தாள். அவளுக்காகக் கட்டில் போட்டார்கள், அரிசி வாங்கினார்கள், அவள் ஆசைப்பட்ட மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கப் போகிறாள் என்று அவள் பெற்ற பிள்ளை பாட்டுப் பாடிக்கொண்டு அறையைப் பெருக்கினான். இதைக் கேட்டால் அவள் கோபித்துக்கொள்வாளா? அவளை எனக்குத் தெரியும். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பாள். இப்படிச் சொல்லி நான் என் தவறைச் சின்னதாக்கப் பார்க்கவில்லை. நீ செய்யாத தவறை நீ சுமக்காதே என்றுதான் சொல்கிறேன். என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். உன்மேல் வேண்டாம்.

இன்னொன்று. இனிமேல் உன் வாழ்க்கையில் யாருக்காவது ஒரு சாவைச் சொல்ல வேண்டி வந்தால், எந்தப் பாஷையானாலும், செத்துவிட்டார் என்றே சொல். கேட்பதற்குக் கொடூரமாக இருக்கும், இருக்கட்டும். என் சாவுக்கும் அப்படியே சொல். அப்பா போயிட்டாரு என்று சொல்லி, எங்கே என்று யாராவது கேட்டுவைக்கப் போகிறார்கள். வேளைக்குச் சாப்பிடு. உன் அம்மாவின் பெட்டி பாதி அடுக்கியபடி அப்படியே இருக்கிறது, பிலார் அம்மாவுக்கு எடுத்த பருத்திப் புடவையும் அதில்தான் இருக்கிறது. நீ இங்கே இருந்தபோது திறக்க மாட்டேன் என்றாய். நானும் திறக்கவில்லை.

பிலார் அம்மா போன வாரம் கூப்பிட்டார். ஃபோனை எடுத்ததும் அழுதார். நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன், என்னை மன்னியுங்கள் என்றார். தப்பு என்னுடையது என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாறி மாறி அதையே சொல்லிக்கொண்டிருந்தோம். நீ அவரிடம் கோபப்படவில்லையாம், ஆனால் அந்தக் கட்டிலை மடிக்க விடவில்லையாம். வேலை தேடிக்கொண்டு அங்கேயே இருந்துவிடப் போகிறாய், ஊருக்கு வர மாட்டாய் என்று நீ சொன்னதாகவும் சொன்னார். எனக்குச் சரியாகத்தான் புரிந்ததா என்று பயந்து, இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். சரியாகத்தான் புரிந்திருக்கிறது.

ஃபோனை வைக்கும்போது அந்த அம்மா, "வரேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். கதிர் தினமும் காலையில் வகுப்புக்குப் போகும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போவான், முதல் நாளிலிருந்து, இன்றைக்குக் காலையில்கூட, இது உங்கள் ஊரில் விடைபெறுகிற வார்த்தை இல்லையா என்று கேட்டார். ஆமாம், ஆனால் வருகிறேன் என்று அர்த்தம் என்றேன். போகும்போதா என்று கேட்டார். எங்கள் ஊரில் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். அவன் சாயங்காலம் வந்துவிடுகிறான், பொய் சொல்வதில்லை என்றார்.

அந்த அம்மாவுக்குச் சொல்லிவிட்டுப் போகிறாய் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான், கதிர். உன் அம்மா சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் அம்மாவுக்கு அன்றைக்கு மீன் குழம்பில் ஏன் உப்பு மறந்துபோனது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

உன்னை வரச் சொல்லி எழுதவில்லை. அங்கே வேலை கிடைத்தால் இரு. நல்ல மனுஷர்கள் கூட இருக்கிறார்கள், நன்றாக இரு. எனக்கு ஒரே ஒரு முறை ஃபோன் செய்து, நாலு வார்த்தை திட்டிவிட்டு, வைக்கும்போது வரேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வை. அப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் வந்துவிடுவதில்லை என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவும் அன்றைக்கு அதைத்தான் சொல்லிவிட்டுப் போனாள். இருந்தாலும் சொல்லு.

உன் அப்பா